மங்கலாக அச்சான சான்றிதழ்

இறப்புச் சான்றிதழை டிராஃப்ட் தரத்தில் அச்சடித்துவிட்டதால், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி பாதிதான் இறந்தார். அடக்கம் முடிந்த நாலாம் நாள் காலை சமையலறையில் வந்து நின்று, பாலை யார் இப்படிப் பொங்கவிட்டது என்று கேட்டார். அவர் உடம்பு வழியாக அலமாரியின் கைப்பிடி தெரிந்தது. குரல் மட்டும் துளிகூடத் தேயவில்லை.

பதிவு அலுவலகத்துக்கு அந்த வாரம்தான் புது மேலாளர் வந்திருந்தார். மை வீணாகிறது, இனி எல்லாம் டிராஃப்டில்தான் என்று வந்த சூட்டோடு உத்தரவு போட்டார். இருபது வருஷமாக அந்தப் பிரிண்டரோடு மல்லுக்கட்டி வந்த பெண் ஊழியர், அதன்படியே பதினொரு சான்றிதழ்களை வெளிறிய எழுத்தில் எடுத்துக் கொடுத்தார். பத்துக் குடும்பங்கள் மறுநாளே வந்து சண்டை போட்டு அழுத்தமான பிரதி வாங்கிப் போயின. அவர்களுடைய ஆட்கள் திரும்பி வரவில்லை. மங்கல் எழுத்து படித்துப் பழகிய கண்ணாடிக்காரருக்கு மட்டும் குறை சொல்லத் தோன்றவில்லை.

ஏழு வருஷம் ஓடியது. வெயிலில் மனைவி தெரியமாட்டார் என்று ஜன்னல்களுக்குத் திரை போட்டார்கள். அக்கம்பக்கத்தார் ஒரு மாதம் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அப்புறம், குழந்தை தூங்குகிறது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடமே விட்டுவிட்டுக் கடைக்குப் போனார்கள். பத்து வயதில் அம்மாவைப் பறிகொடுத்த மகள், பதினேழு வயது வரை அதே அம்மாவிடம் திட்டு வாங்கி வளர்ந்தாள்.

பிறகு அவளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. தாயில்லாப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய இடம். இறப்புச் சான்றிதழ் மங்கலாக இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் தெளிவான பிரதி வேண்டும் என்று கல்லூரி எழுதியது. தெளிவான பிரதி எடுத்தால் மனைவி போய்விடுவார் என்பது தெரிந்ததால் கண்ணாடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. படிப்பே வேண்டாம் என்று மகள் கடிதத்தைக் கிழிக்கப் போனாள். மனைவிதான் யாரையும் கேட்காமல் பதிவு அலுவலகத்துக்குப் போனார்.

“என்னோடத அழுத்தமா அடிச்சுக் குடுத்துடுங்கக்கா,” என்றார்.

“யோசிச்சுத்தான் பேசுறீங்களா? அந்தப் பத்துப் பேரும் திரும்பி வரலையே,” என்றார் ஊழியர்.

“நல்லா யோசிச்சுட்டேன். என்னைப் பார்த்துக்கிட்டே அவ வீட்டோட கெடந்துடக் கூடாது.”

ஊழியருக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே தரத்தை உச்சத்தில் வைத்தார். பொத்தான் வரை போன விரல் நின்றது. தெளிவாக இருக்க வேண்டும் என்றுதானே கேட்டிருக்கிறார்கள்? பெரிதாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே. பக்க அமைப்பைத் திறந்து, அளவை இருபத்தைந்து சதவீதம் என்று மாற்றினார். தாளின் மூலையில் தீப்பெட்டி அளவுக்குக் கன்னங்கரேலென்று சான்றிதழ் வந்தது. கல்லூரி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

அன்றிலிருந்து அவர் நாளில் கால் பங்கு நேரம் முழுதாக இறந்திருக்கிறார், காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை. மற்ற நேரமெல்லாம் நம்மைப் போல ரத்தமும் சதையுமாக இருக்கிறார்.

மகளை வழியனுப்ப மூவரும் பேருந்து நிலையத்துக்குப் போனார்கள். ஏழு வருஷமாக அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போனால் அவள் கையில் காற்றுதான் மிஞ்சும். அன்று கை அம்மாவின் முதுகில் பட்டு நின்றது. விடவே மனசில்லாமல், நடத்துநர் இரண்டு தடவை கத்திய பிறகுதான் விட்டாள். பேருந்து வளைவு திரும்பியபோது மணி ஒன்பது. கண்ணாடிக்காரரின் பக்கத்தில் யாரும் இல்லை. அவர் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, மூணு மணிக்கு வருவா, குடுத்துடுங்க என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போனார்.