பினாங்கு அணிக்கு ஒரு பாட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம், வெள்ளைக்காரர்களின் போர்க்கப்பல் ஒன்று பினாங்குத் துறைமுகத்துக்கு வந்தது. கப்பல்காரர்கள் ஊர்க்காரர்களோடு கால்பந்தாட ஆசைப்பட்டார்கள். 'இங்கிலாந்துக்கும் பினாங்குக்கும் போட்டி' என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

மாதா கோயில் பேண்டில் கிளாரினெட் வாசிக்கும் வின்சென்ட்டுக்கு அதைப் படித்ததிலிருந்து கால் தரையில் பாவவில்லை. பேண்டு மாஸ்டர் மைக்கேல் அண்ணனுக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"நாமளே ராஜாவோட பிரஜை. நமக்கு எதுக்குத் தம்பி தனி டீமு?"

"ஆடப்போறது ராஜா இல்லையே அண்ணே! நம்ம டீமு காஜா மொய்தீன் லா!"

போட்டியன்று கடற்கரைத் திடலில் எள் விழ இடமில்லை. ஆட்டத்துக்கு முன்பு இரண்டு நாட்டுப் பாட்டையும் வாசிக்கும்படி கப்பல் அதிகாரி சொல்லிவிட்டார். பேண்டு முதலில் இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் ராஜா பாட்டை வாசித்தது. எல்லோரும் தொப்பியைக் கழற்றி எழுந்து நின்றார்கள், முடிந்ததும் உட்கார்ந்தார்கள்.

"அடுத்து நம்ம பாட்டு," என்றார் மைக்கேல் அண்ணன்.

"எது அண்ணே?"

"அதேதான். வேற எது இருக்கு?"

மறுபடியும் ராஜா பாட்டு. பாதிப் பேர் எழுந்தார்கள், பாதிப் பேர் எழுந்தவர்களைப் பார்த்து முழித்தார்கள். கப்பல்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வின்சென்ட்டுக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள், போன வாரம் பங்சாவான் என்னும் மலாய் இசை நாடகத்தில் கேட்ட துள்ளல் மெட்டை அவன் கிளாரினெட் எடுத்துவிட்டது. முரசுக்காரர் தொடர்ந்தார். கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் சேர்ந்து கைதட்டி ஆடத் தொடங்கினார்கள்.

அதிகாரி வின்சென்ட்டிடம் விரைந்து வந்தார். "இதுதான் உங்கள் நாட்டுப் பாட்டா?"

"ஆமா சார்."

"எப்போதிலிருந்து?"

"இப்பத்தான் சார்."

அதிகாரி குலுங்கிச் சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

ஆட்டத்தில் காஜா மொய்தீன் ஒரு கோல் போட்டார். திடலே பாட்டைக் கேட்டுக் கத்தியது; வாசித்தார்கள். இங்கிலாந்து மூன்று கோல் போட்டது. கூட்டம் அதற்கும் விடவில்லை, மூன்று தடவையும் வாசித்தார்கள். கடைசித் தடவை மைக்கேல் அண்ணனே குச்சியை வீசி வீசி நடத்தினார்.

"தோத்துட்டோமே தம்பி," என்றார் மூச்சு வாங்க.

"தோத்தா என்ன அண்ணே? நம்ம பேருலதானே தோத்தோம்!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வின்சென்ட்டின் மனைவி ரோசலின் வந்தாள். கிளாரினெட் ஊதி ஊதி வீங்கிய கணவனின் உதட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இந்த வாயை வச்சிக்கிட்டு ராத்திரி எப்படிச் சாப்பிடுவீங்க?"

வின்சென்ட் பதில் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கப்பல் மாலுமிகள் நாலு பேர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, அந்த மெட்டைத் தப்புத்தப்பாகப் பாடியபடி கடலோரமாக ஓடினார்கள்.