எலியட்டின் முதல் குண்டு

என் மகளைக் கட்டிய எலியட் முதன்முதலாக மான் வேட்டைக்கு வந்து இறங்கியபோது, அவன் தொப்பியில் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. சட்டப்படி தலையும் மார்பும் முதுகும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் போதும். இவன் கையுறை, கால்சட்டை, பை, பிளாஸ்க் எல்லாவற்றையும் ஆரஞ்சில் வாங்கியிருந்தான். பேட்டரி போட்டுச் சூடாக்கும் காலுறை வேறு. பிலடெல்பியாவில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிறவனுக்கு மலைக்காட்டில் என்ன வேலை என்று நான் என் மகளிடமே கேட்டேன். "கூட்டிட்டுத்தான் போயேம்மா, ஆசைப்படுறாரு" என்றாள். ஆசைப்பட்டால் மான் வந்து நிற்குமா?

"வெர்னா, இவனுக்கு குண்டே வேண்டாம்" என்றான் என் தம்பி கிளேட்டன். "இவனைப் பாத்த மான் சிரிச்சே செத்துடும்."

எலியட்டும் சேர்ந்து சிரித்தான். கேலி செய்தால் கோபப்படக்கூடத் தெரியாத ஆள். எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது.

வடக்குப் பென்சில்வேனியாவில் எங்கள் வேட்டைக் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. குறி தப்பியவனின் சட்டையின் பின்பக்கக் கீழ்ப்பகுதியை வெட்டி, பெயரும் தேதியும் எழுதிச் சுவரில் ஆணி அடித்துவிடுவோம். ஆனால் சுட்டவன் பேச்சை நம்ப முடியாது. எல்லோருமே பட்டது என்றுதான் சத்தியம் செய்வார்கள். அதனால் சுட்ட இடத்துக்குப் போய்ப் பார்த்து, பட்டதா தப்பியதா என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்பா இருந்தவரை அவர் சொன்னார். பதினான்கு வருடமாக நான் சொல்கிறேன். கிளேட்டனுக்கு அதில் வயிற்றெரிச்சல். அக்கா சொல்லி அவன் சட்டை மூன்று முறை வெட்டுப்பட்டிருக்கிறது. நான் ஒரே ஒருமுறை தவறினால் போதும், அந்த இடத்தில் அவன் வந்து உட்கார்ந்துவிடுவான். அதுவரை நான் தவறியதில்லை.

நவம்பர் கடைசியில், நன்றித் திருநாள் முடிந்த சனிக்கிழமை, வேட்டைப் பருவத்தின் முதல் நாள். விடிவதற்கு முன்பே எலியட்டை ஓடைக்கு மேலே இருந்த பரணில் ஏற்றிவிட்டு, இருநூறு அடி தள்ளி என் பரணில் ஏறினேன். பனி விழவில்லை. காய்ந்த ஓக் சருகு மட்டும்தான். அணில் நடந்தாலே கேட்கும் அமைதியில் இவன் மிட்டாய் உறையைப் பிரிக்கிறான். தும்முகிறான். தும்மிவிட்டு மெதுவாக "ஸாரி" என்கிறான். யாரிடம் சொன்னான்? மரத்திடமா? இன்றைக்கு மான் அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடும் என்று முடிவு செய்து நான் காப்பியைத் திறந்தேன்.

ஏழே முக்காலுக்கு அவன் துப்பாக்கி வெடித்தது. காப்பி என் மடியில் கொட்டியது.

இறங்கிப் போனேன். எலியட் அதற்குள் பரணிலிருந்து கீழே இறங்கியிருந்தான்.

"பட்டுச்சு, வெர்னா! பெரிய கொம்பு மான். சுட்டதும் பின்னங்கால் ரெண்டையும் தூக்கி உதைச்சுச்சு. அப்புறம் தலையைத் தாழ்த்திக்கிட்டு அந்தப் புதர்ப் பக்கம் ஒரே ஓட்டம்."

"உனக்கு டாட்டா காட்டிட்டு ஓடியிருக்கும்" என்றேன்.

மான் நின்ற இடத்தைக் காட்டினான். குனிந்து பார்த்தேன். ரத்தம் இல்லை, முடி இல்லை. ஓடிய திசையில் பத்தடி நடந்தேன். அங்கும் ஒன்றும் இல்லை. நனைந்த கால்சட்டை தொடையில் விறைத்துக்கொண்டிருந்தது. இதற்கு மேல் இவனுக்காக என்ன மெனக்கெடுவது?

"தப்பிடுச்சு. சட்டையைத் தயாரா வச்சுக்கோ."

"இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாக்கலாமே, வெர்னா?"

"எத்தனை மான் சுட்டிருக்கே நீ?"

"இதான் முதல்."

"நான் நாப்பத்தொண்ணு."

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பின்னால் வந்தான்.

மதியம் குடிலில் பன்றி இறைச்சியும் புளித்த முட்டைக்கோசும் சாப்பிட்டோம். எங்கள் பெரியப்பா மகன் மார்லின் கத்தரிக்கோலைத் தட்டில் தட்டி மேளம் அடித்தான். கிளேட்டன் எலியட்டை ஸ்டூலில் ஏற்றினான். புத்தம் புதுக் கம்பளிச் சட்டை. நானே வெட்டினேன். இடுப்புக்கு மேல்வரை தாராளமாகவே வெட்டினேன்.

"கண் டாக்டருக்கே கண்ணாடி வேணும் போலிருக்கே!" என்று மார்லின் கத்தினான்.

"மாப்ளே, அடுத்த தடவை மானை நாற்காலியில உக்கார வச்சு, எழுத்துப் படிக்கச் சொல்லிட்டுச் சுடு" என்றான் கிளேட்டன்.

நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். எலியட் ஸ்டூலிலிருந்து இறங்கினான். தட்டைக் கழுவி வைத்தான். கோட்டை மாட்டும்போது முதுகுப்பக்கம் சட்டை இல்லாமல் உள் பனியன் தெரிந்தது. "நான் இன்னொரு தடவை பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பினான். முதுகுப்பக்கம் சட்டை இல்லாமல் உள் பனியன் தெரிந்தது. வழி தவறினால் ஆரஞ்சு பிளாஸ்க்கை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நான் சொன்னதற்கு மறுபடியும் ஒரு சிரிப்பு.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தான். முழங்கால் இரண்டிலும் மண். கை இரண்டிலும் ரத்தம்.

"கிடைச்சுடுச்சு. அடுத்து என்ன செய்யணும்னு தெரியல. கொஞ்சம் வர்றீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. நால்வரும் போனோம். தரையில் முட்டி போட்டு ஒவ்வொரு சருகாகப் புரட்டிப் பார்த்திருக்கிறான். முப்பதாவது அடியில் ஒரு சொட்டு. அதில் குச்சி நட்டு ஆரஞ்சு கையுறையை மாட்டியிருந்தான். அதற்குப் பிறகு ரத்தம் வாளியில் கொட்டியதுபோல் கிடந்தது. தொண்ணூறாவது அடியில், புதருக்குள், எட்டுக் கிளைக் கொம்போடு கிடந்தது மான். நான் பார்த்த வரையில் எங்கள் காட்டில் அதைவிடப் பெரியது இரண்டோ மூன்றோதான்.

கிளேட்டன் கத்தியை எடுத்து வயிற்றைக் கிழித்தான். முகர்ந்து பார்த்து, "கறி தப்பிச்சுது. ராத்திரி முழுக்கக் கிடந்திருந்தா நரிக்குத்தான்" என்றான். பிறகு மார்புக்குள் கைவிட்டு இதயத்தை வெளியே எடுத்தான். நட்டநடுவில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை.

இதயத்தில் குண்டு பட்ட மான் பின்னங்காலை உதைக்கும். தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடும். முதல் சில அடிக்கு ரத்தமே விழாது. இது இந்த மலையில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அப்பா எனக்கு முதலில் சொல்லித் தந்ததே அதைத்தான். காலையில் எலியட் அதை வார்த்தைக்கு வார்த்தை என்னிடம் சொன்னான். நான் டாட்டா என்றேன்.

கிளேட்டன் இதயத்தைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தான்.

"மாப்ளே, சுட்டதும் மான் என்ன பண்ணுச்சு?"

எலியட் என்னைப் பார்த்தான்.

"பின்னங்காலை உதைச்சுது."

"வெர்னாகிட்ட அதைச் சொன்னியா?"

"அவன் எங்கிட்ட சொல்லவே இல்லை" என்றேன் நான்.

எலியட் வாயைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. கிளேட்டனின் கண் என் முகத்திலிருந்து அவன் முகத்துக்குப் போனது. இத்தனை கேலிக்கும் ஒரே வார்த்தையில் என்னை மண்ணில் புதைத்துவிடலாம். நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் குழி தோண்டி, மேலே நின்று மிதித்தும் இருப்பேன்.

"சொல்லல" என்றான் எலியட். "பதட்டத்துல மறந்துட்டேன். என் தப்புதான்."

"அதானே பாத்தேன்!" என்று மார்லின் அவன் முதுகில் அறைந்தான். "நீ வாயைத் திறந்திருந்தா வெர்னா அப்பவே கண்டுபிடிச்சிருப்பா. ஒரு நல்ல சட்டையை அநியாயமா வெட்டிக்கிட்டியேடா!"

கிளேட்டன் இதயத்தைப் பையில் போட்டான். என் இடம் என்னிடமே இருந்தது. கொம்பில் கயிறு கட்டி இழுத்தோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் எலியட். வழியில் ஒருமுறை, யாருக்கும் கேட்காமல், "நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க, வெர்னா" என்றான்.

அவன் என்மேல் இரக்கப்பட்டான். முதல் நாள் துப்பாக்கி பிடித்தவன், என்மேல். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.