கினிகத்தேனையில் கூடிப்போன ஒயில்

பைக்கை வித்துடலாம் என்று சொன்னால் புருசன் ஒரு வாரமாவது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான் என்றுதான் சுதர்ஷினி நினைத்திருந்தாள். தரணிதரன் அப்படி ஒன்றும் செய்யவில்லை. ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டுக்கொண்டே, "சரி சுதா, ஒன் இஷ்டம்" என்றான். அவளுக்குத்தான் ஒரு மாதிரியாகிவிட்டது. சண்டை போட்டிருந்தாலாவது தேவலை.

அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது, கேளுங்கள். ஹட்டனில் புடவைக் கடையில் நாள் முழுக்கச் சேலை மடிக்கிற மனுசன், கலியாணத்துக்கு முன்பே பார்த்துப் பார்த்து வாங்கிய பைக் அது. இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றுக்கு மறைப்பு, அகலமான சீட். ஊர் சுற்றுவதற்கென்றே செய்த வண்டி. "இதுல ஒன்னைய ஏத்திக்கிட்டு இலங்கையையே ஒரு சுத்து சுத்திக் காட்டுறேன்" என்று பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொன்னான். அந்த ஒரு பேச்சுக்குத்தான் தலையை ஆட்டினேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வாள். மலையில் பிறந்து, மலையிலேயே படித்து, தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராகவும் ஆகிவிட்ட அவள் கடலை டீவியில்தான் பார்த்திருக்கிறாள்.

கலியாணமாகி நாலு வருசம். மூன்று தடவை பெட்டி கட்டினார்கள். முதல் தடவை கந்தப்பளைக் கடைவீதி நடுவில் வண்டி நின்றது. சந்தைக்கு லீக்ஸ் மரக்கறி ஏற்றிய லொறியில் திரும்பி வந்தார்கள், அவளுடைய புதுச் சுடிதார் ஒரு வாரம் லீக்ஸ் மணத்தது. இரண்டாம் தடவை ஹட்டனையே தாண்டவில்லை. மூன்றாம் தடவையைப் பற்றி அவளிடம் கேட்காமல் இருப்பது நல்லது.

வண்டிக்கு நோய் இரண்டு. ஒன்று, அடியில் எப்போதும் ஒயில் ஒழுகும். இன்னொன்று, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, குழியில் விழுந்து எழும்பினால் பட்டென்று நின்றுவிடும். இவன் இறங்கி, ஸ்டாண்டைப் போட்டு, சீட்டைக் கழற்றி, பெட்டரியை நாலு தட்டு தட்டி, ஸ்டாண்டை எடுத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். ஹட்டனில் இருக்கிற மெக்கானிக் பாஸ்மார் எல்லாரும் கை வைத்துவிட்டார்கள். ஒயில் சீல் மாற்றினார்கள், பியூஸ் மாற்றினார்கள், பெட்டரியும் புதிது. கராஜிலிருந்து வரும்போது நன்றாக வரும். ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும்.

அவன் கவனிக்காமலும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்து, என்ஜினின் வலது பக்கத்தில் இருக்கிற சின்னக் கண்ணாடியில் ஒயில் பார்ப்பான். புத்தகத்தில் போட்டபடி அட்சரம் பிசகாமல் பார்ப்பான். ஒயில் கீழ்க் கோட்டுக்குக் கீழே இருக்கும். "பாவம், எல்லாம் ஒழுகிருச்சு" என்று ஊற்றுவான். பிறகு அடியில் படுத்துவிடுவான். சுதர்ஷினி அவனோடு பேசியதைவிட, வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் இரண்டு காலோடு பேசியதுதான் அதிகம். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. வண்டி போய்விட்டால் ஆளாவது மிஞ்சுவான் என்று நினைத்தாள்.

கினிகத்தேனையில் பழைய பைக் வாங்கி விற்கிற ஜீவராஜ் வரச் சொல்லியிருந்தார். பௌர்ணமிப் போயா லீவு நாள். காலையிலேயே இரண்டு பேரும் புறப்பட்டார்கள். வட்டவளைக்குப் போவதற்குள் மூன்று தடவை நின்றது. மிச்ச வழியெல்லாம் இறக்கமாக இருந்ததால் மானம் தப்பியது. கடை வாசலுக்கு வந்தபோது என்ஜின் ஓடவில்லை, வண்டி மட்டும் உருண்டு வந்தது.

ஜீவராஜ் நல்ல மனுசன்தான், ஆனால் வியாபாரி. வண்டியைக் கடைக்குள் தள்ளிப் பளபளவென்று மெழுகிய சீமெந்துத் தரையில் நிறுத்தச் சொன்னார். சுற்றி வந்து, ஒயில் சொட்டுவதைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். பிதுக்கப் பிதுக்க விலை இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். பிறகு விற்பனைக் கடிதாசிகளை மேசையில் பரப்பி, பேனாவை எடுத்து வைத்தார்.

"ஒரு நிமிசம் அண்ணே" என்றான் தரணிதரன். "ஒயிலப் பார்த்து ஊத்திட்டுத் தந்துர்றேன். ஒழுகுற வண்டி. கொறையா வச்சிக் கைமாத்துனா மனசுக்குச் சரியில்ல."

பெட்டியைத் திறந்து ஒயில் கேனை எடுத்தான். வண்டியை நிமிர்த்தி வைத்தான், முட்டி போட்டுக் குனிந்தான். விற்கப்போகிற வண்டிக்கு, நாளைக்கு யாரோ ஓட்டப்போகிற வண்டிக்கு, இவன் ஏன் ஒயில் ஊற்றுகிறான்? இந்த ஆளைப் போய் நான் கஷ்டப்படுத்துகிறேனே என்று நினைத்தாள் சுதர்ஷினி. வாயைத் திறந்தால் அழுதுவிடுவாள் போலிருந்தது, அதனால் தெருவைப் பார்த்தாள்.

தரணிதரன் கண்ணாடியைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"சுதா, இங்க வா" என்றான். "எனக்குக் கண்ணு தெரியலியா, என்னான்னு பாரு."

குனிந்து பார்த்தாள். கண்ணாடி முழுக்க ஒயில். மேல் கோட்டையும் தாண்டி, விளிம்பு வரைக்கும் நிறைந்து நின்றது.

"நேத்துதானே பார்த்தேன். கீழ்க் கோட்டுக்கும் கீழ இருந்திச்சு. ஒரு கப் ஊத்துனேன். வர்ற வழியெல்லாம் ஒழுகியிருக்கு. எப்படிக் கூடும்?"

"வட்டவளையில யாராச்சும் ஊத்திவிட்டாங்களோ" என்று சிரித்தார் ஜீவராஜ். "எங்க வச்சுத் தம்பி பார்த்தீங்க?"

"எங்க லயத்து வாசல்லதான். நல்லா மட்டமான வாசல்."

சுதர்ஷினிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மட்டமான வாசல்! பிறந்ததிலிருந்து சரிவிலேயே நடந்தவனுக்கு அதுதான் மட்டம். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். "ஏங்க, வாசல்ல கேரம் போர்டு போட்டா என்ன செய்வீங்க?"

"தண்ணி ஓடுற கான் பக்கத்துக் காலுக்கு ரெண்டு செங்கல் வப்போம்."

"ரெண்டு செங்கல்" என்று திருப்பிச் சொன்னாள். "கேரம் போர்டுக்கு வைக்கத் தெரிஞ்சுது. பைக்குக்கு வைக்கத் தெரியல."

தரணிதரன் வாயைப் பிளந்தபடி அவளைப் பார்த்தான். இடது பக்கம் கானை நோக்கிச் சாய்ந்த வாசல். வண்டியும் சாய்ந்து நிற்கும். உள்ளே ஒயில் எல்லாம் இடது பக்கம் ஒதுங்கும், வலது பக்கக் கண்ணாடி வெறுமையாகத் தெரியும். இந்தக் கடையின் சமமான தரையில்தான் உள்ளது உள்ளபடி தெரிந்திருக்கிறது. குறைந்துவிட்டது என்று இவன் ஊற்றுவான். வயிறு முட்டிய என்ஜின் மூச்சுக் குழாய் வழியாகக் கக்கும். கக்கியதைப் பார்த்து ஒழுகுகிறது என்று மறுபடி ஊற்றுவான். நாலு வருசமாக அந்த வண்டிக்கு இவன் வைத்தியம் பார்க்கவில்லை, திணறத் திணறத் தீனி போட்டிருக்கிறான்.

அவனே கீழ்த் திருகாணியைத் தளர்த்தினான். ஜீவராஜ் கொடுத்த பேசினில் ஒயில் இறங்கியது. கண்ணாடியில் நடுவுக்கு வரும்போது, பெரிய தண்ணீர்ப் போத்தல் ஒன்று நிறைகிற அளவு வெளியே வந்திருந்தது. பிறகு தலையை உள்ளே விட்டு, அந்த மூச்சுக் குழாய் எங்கே சொட்டுகிறது என்று பார்த்தான். நேராகச் சைட் ஸ்டாண்டில் சொட்டியிருந்தது. ஸ்டாண்டு கீழே இருக்கும்போது வண்டி ஓடாமல் நிறுத்துவதற்கு அங்கே ஒரு சின்னச் சுவிட்ச் உண்டு. அதில் ஒயிலும் தூசியும் சேர்ந்து தார் மாதிரி அப்பியிருந்தது. குழியில் குலுங்கினால் சுவிட்ச் பிசினில் ஒட்டிக்கொள்ளும், ஸ்டாண்டு கீழே கிடக்கிறது என்று வண்டி நின்றுவிடும்.

"அப்போ நான் தட்டுன பெட்டரி?" என்றான் தரணிதரன்.

"அதுக்கு ஒண்ணுமில்லங்க. நீங்க ஸ்டாண்டைப் போட்டு எடுத்தீங்களே, அதுலதான் சுவிட்ச் விட்டிருக்கு" என்றாள் டீச்சர். மூன்று பேரும் சிரித்தார்கள். சுதர்ஷினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

பெற்றோலும் பல் தேய்க்கிற பிரஷும் வைத்துச் சுவிட்சைக் கழுவினான். கடைத்தெருவில், குழி பார்த்துக் குழி பார்த்து இறக்கி, நாலு சுற்று சுற்றி வந்தான். வண்டி நிற்கவில்லை. அவன் முகம் பெண் பார்க்க வந்த அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது.

ஜீவராஜ் பெருமூச்சு விட்டார். "என் கடைக்கு வந்து, என் தரையிலயே சரியாயிருச்சு. இப்ப விப்பீங்களா, மாட்டீங்களா?"

தரணிதரன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "சுதாவுக்கு வாக்குக் குடுத்திட்டேன் அண்ணே. அவ சொல்றதுதான்." பேனாவையும் கையில் எடுத்துவிட்டான், கிறுக்கன்.

சுதர்ஷினி எழுந்து வந்து அந்தப் பேனாவைப் பிடுங்கி ஜீவராஜின் சட்டைப் பையில் செருகினாள். "மன்னிச்சுக்குங்க அண்ணே. எனக்கு வண்டியை விக்கணும்னு ஆசை இல்ல. இந்த மனுசனோட எங்கயாச்சும் போகணும்னுதான் நாலு வருசமா ஆசை."

ஜீவராஜ் கோபிக்கவில்லை. பால் இல்லாத பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

தெருவுக்கு வந்ததும் தரணிதரன் ஹட்டன் பக்கம் திருப்பினான். "வீட்டுக்குப் போய் நல்லா ஒருக்கா செக் பண்ணிட்டு, அடுத்த மாசம் லீவு போட்டு..."

"வீட்டுக்கா? அந்த வாசலுக்கா?" அவள் அவன் தோளைத் தட்டினாள். "திருப்புங்க. கீழ் பக்கம் போங்க."

"துணிமணி ஒண்ணும் எடுக்கலியே சுதா."

"வழியில வாங்கிக்கலாம். சேலை நான் பொறுக்குறேன், நீங்க மடிங்க." போனில் பக்கத்து வீட்டு நாகலெட்சுமி அக்காவைக் கூப்பிட்டு, கோழியை அடைக்கச் சொன்னாள். எப்போது வருவீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, தெரியாது என்றாள். அப்படிச் சொல்வதே அவ்வளவு சுகமாக இருந்தது.

கித்துல்கல தாண்டியது, அவிசாவளை தாண்டியது. வண்டி ஒரு தடவையும் நிற்கவில்லை. வெயில் சாய்கிற நேரம் கடற்கரையோரத்து ரோட்டில் நிறுத்தினான். தார் ரோடு, எந்தப் பக்கமும் சரியாத ரோடு. அவனுக்குக் கை அரித்தது. வண்டியை நிமிர்த்தி வைத்து, முட்டி போடக் குனிந்தான்.

சுதர்ஷினி அவன் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். செருப்பைக் கூடக் கழற்ற விடாமல், அவன் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.