முதலில் கேட்காத வண்டி

அந்நாளில் புதூர்நாட்டு மலையில் ஒரே ஒரு ஜீப்தான் இருந்தது. அடிவாரத்துப் புளி வியாபாரி தாண்டவராயனுடையது. அவருடைய கிடங்கும் மலைமேல்தான் இருந்ததால், ஜீப்பும் டிரைவரும் வருஷம் முழுக்க அங்கேயே இருந்தார்கள். புளிக்கு அவர் சொன்னதுதான் விலை, அவர் நிறுத்ததுதான் எடை. வாங்குவதற்கு வேறு ஆள் கிடையாது.

1979-இல் ஒரு அதிகாரி குறை கேட்க வந்தார். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க, வேடியப்பன் மட்டும் பேசினான்.

"மூணு மூட்ட போட்டா ரெண்டுன்றாருங்க. இன்னாங்க இதுன்னு கேட்டா, நீயே கீழ தூக்கினு போய் வித்துக்கோன்றாரு."

மறுவருஷம் அரசாங்கம் ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்தது. முத்திரை போட்ட தராசு வந்தது. சுவரில் விலையை எழுதிப் போட்டார்கள். இனி மலைப் புளியைச் சங்கம்தான் வாங்கும், வியாபாரி வாங்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது. அந்தக் கோடையில் வேடியப்பனின் மனைவி அம்சவல்லி முதல் தடவையாகக் கடன் சொல்லாமல் துணி எடுத்தாள். அவளுடைய தாய் செல்லியம்மாள், "எம் மாப்புள வாயத் தொறந்ததாலதான் இது வந்திச்சி" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

தாண்டவராயன் கிடங்கைப் பூட்டிக்கொண்டு கீழே போனார். ஜீப்பும் அவரோடு போனது. நோயாளிகளைக் கீழே ஆஸ்பத்திரிக்கு அதில்தான் இறக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை அன்றைக்கு ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் அம்சவல்லிக்கு வலி கண்டது. இரண்டாம் நாள் காலையில் பிரசவம் பார்க்கும் பூங்கோதை வெளியே வந்து, "புள்ள குறுக்க கெடக்குது. கீழ கொண்டு போங்க" என்றாள்.

மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி நான்கு பேர் தூக்கினார்கள். பாதை வழுக்கியது. பத்தடிக்கு ஒருமுறை நின்று நின்று இறங்கினார்கள்.

"இன்னும் எவ்ளோ தூரம்?" என்று உள்ளிருந்து கேட்டாள்.

"தோ, வந்துட்டோம்" என்றான் வேடியப்பன். பாதி மலைகூட இறங்கியிருக்கவில்லை.

மத்தியானத்துக்குமேல் அவள் கேட்கவில்லை. அடிவாரத்தில் இறக்கிப் பார்த்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

துக்கத்துக்குத் தாண்டவராயன் வண்டியை எடுக்காமல் நடந்தே மலையேறி வந்தார். வேடியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, "ஒரு ஆள அனுப்பியிருந்தா வண்டிய அனுப்பியிருப்பேனேப்பா" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

"ஆளு எறங்கி வண்டி ஏறி வர்றதுக்குள்ள, எல்லாம் முடிஞ்சிருக்குமுங்க" என்றான் வேடியப்பன்.

அடுத்த மாதம் அதே அதிகாரி வந்தார். இந்தத் தடவை, அன்று தரையைப் பார்த்து நின்ற குப்பன் முதலில் எழுந்தான். "வெல கொறஞ்சாலும் பரவால்லீங்க. அந்த மொதலாளியவே வரச் சொல்லுங்க. உசுரு இருந்தாத்தான புளி."

பலர் தலையாட்டினார்கள். பிறகு எல்லோரும் வேடியப்பனைப் பார்த்தார்கள். அவன் மெதுவாக எழுந்தான்.

"அவுரு வண்டிக்கு டீசல் போட்டதே நம்ம மூணாவது மூட்டதான். சும்மா ஓடல. சங்கம் இருக்கட்டுங்க. சங்கமே ஒரு வண்டி வெக்கட்டும்."

செல்லியம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். "எம் பொண்ணு போயும் ஒனக்குத் தராசுதான் பெருசா, மாப்புள?"

அவன் உட்கார்ந்துகொண்டான். அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்துச் சங்கத்துக்கு வண்டி வந்தது. கீழே இறங்கிப் போன கர்ப்பிணிகள் பிள்ளையோடு திரும்பி வந்தார்கள். குப்பனின் மருமகளும் அப்படி வந்தாள். செல்லியம்மாள் மட்டும் அதன்பிறகு வேடியப்பன் வீட்டுப் படி ஏறவில்லை. ஒற்றையடிப் பாதையில் எதிரே வந்தால் அவன் ஒதுங்கி நிற்பான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்து போவாள்.

சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போது சில நாள் அவன் கை நின்றுபோகும். அதிகாரி முதல் தடவை வந்து, "வேற இன்னா வேணும்?" என்று கேட்டது நினைவுக்கு வரும். "எட சரியா இருந்தா போதுங்க" என்று சொன்னவன் அவன்தான்.