வீட்டுக்கு ஓர் ஆள்

அடையாற்றில் மூன்றாம் மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது, ஜவ்வாது மலையிலிருந்து என் பங்காளி சடையன் வந்தான். தை பிறந்து நாலு நாள்.

"ரோடு வெட்டறோம் அண்ணே. வீட்டுக்கு ஒரு ஆளு, இருபத்திரெண்டு நாளு."

"கான்ட்ராக்டர் வர்றதாச் சொன்னாங்களே?"

"அவன் வெட்டினா வசூல் கேட்டும் அவனே போடுவான். நம்ம மலைக்கு நாம சீட்டு வாங்கிக்கிட்டு ஏறணுமா?"

ஆள் தராத வீட்டில் நோவு வந்தால் டோலி தூக்க ஊரில் ஒருத்தனும் வரமாட்டான். எங்கள் வழக்கம் அது. ஆஸ்பத்திரிக்கு இறங்க டோலியை விட்டால் கதி கிடையாது. என் வீட்டில் அம்மா மட்டும்தான், இளைப்பு நோய்க்காரி.

மேஸ்திரி துரைராஜிடம் கேட்டேன்.

"இருவத்திரெண்டு நாளா? இன்னா நைனா, மாமியார் வூட்டு விருந்தா? அடுத்த வாரம் தளம் போடணும். போறியா, அப்படியே போய்க்கினே இரு. உன் எடத்துக்கு ஆளு ரெடியா கீறான்."

சடையனிடம் திரும்பி வந்தேன். "மலைக்குக் கீழ, கீழ்நாட்டுல ஒரு கூலியாளப் புடிச்சுக்கோ. கூலி நான் தரேன்." நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன்.

அவன் என்னையே பார்த்தான். "பெரியம்மாவுக்கு மகனையும் கூலிக்கே வெச்சுடலாமா?"

வாங்கிக் கொடுத்த டீயைத் தொடாமல் போனான்.

தளம் முடிந்ததும் போய்விடலாம் என்றிருந்தேன். தளம் முடிந்தது, சுவர் வேலை வந்தது. சுவர் முடிவதற்குள் மாசி வந்துவிட்டது. சடையனும் வந்தான். தலை மொட்டை. சட்டியைக் கீழே வைத்தேன்.

"எங்க வீட்டு ஆளு நான்தான்னு பெரியம்மா வந்து நின்னாங்க. யாரு தடுத்தும் கேக்கல. பதினோரு நாளு கல்லு சுமந்தாங்க. அப்புறம் மூச்சு அடைச்சுக்கிச்சு. டோலியில ஊரே மாத்தி மாத்தித் தூக்குச்சு அண்ணே. பாதி மலையில போயிட்டாங்க. மகன் தள்ள வேண்டிய மொதல் மண்ண நான் தள்ளினேன்."

"எனக்கு ஏன்டா சொல்லி அனுப்பல?"

"ஊரு கூடிப் பேசினோம். அந்த வீட்டு ஆளு ஊர்லயேதான் இருந்தாங்க, வெளியில சொல்லி அனுப்ப வேற ஆளு இல்லன்னு முடிவாச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இரு, நானும் வரேன்."

"எதுக்கு அண்ணே?"

குத்தலாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. மேலே கலவை காய்கிறது என்று துரைராஜ் கத்தினார். சட்டியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.