விசிலண்ணனின் சோதனை ஆட்டம்

விசிலண்ணன் வீட்டு அண்ணிக்குக் கோபம் வந்தால் செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பிவிடுவாள். அன்று நிதானமாக மாட்டிக்கொண்டு, தலையையும் வாரிக்கொண்டு கிளம்பினாள். அப்போதே தெரிந்திருக்க வேண்டும், கால்பந்துச் சங்கச் செயலாளருக்கு நேரம் சரியில்லை என்று.

"எங்க வீட்டுக்காரர் பேரை ரெஃப்ரி பட்டியல்லேருந்து தூக்கிட்டீங்களாமே, தம்பி?"

செயலாளர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். விசிலண்ணன் ரெஃப்ரியாக நின்ற ஆட்டங்களில் பந்து உதைத்து வளர்ந்தவர்தான் அவரும். "உட்காருங்க அண்ணி. அண்ணன் மேல மரியாதை இல்லாம இல்ல. ஆனா அவரால பேச முடியலையே?"

"விசில் ஊதுறதுக்கு எதுக்குய்யா பேச்சு?"

நியாயமான கேள்விதானே! விசிலண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வருஷம் ஒன்றாகிவிட்டது. கையும் காலும் திரும்பி வந்துவிட்டன. விடிந்தால் மனிதர் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார். பேச்சுதான் முரண்டு பிடிக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், அந்தச் சொல் மட்டும் வாய்க்கு வராமல் கண்ணாமூச்சி ஆடும். கரண்டி கேட்க நினைத்தால் குடை என்று வரும். தப்பாக வந்ததும் அவருக்கே தெரியும், தலையில் அடித்துக்கொள்வார். அஃபேசியா என்றார் டாக்டர். மூளையில் பேச்சு இருக்கிற இடத்தில் அடி, புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் தெளிவாகச் சொன்னார். மற்றவர்கள் காதில் முதல் பாதிதான் விழுந்தது போலிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அவர் காதோரம் போய், "சாப்ட்டாச்சா? சாப்ட்டாச்சா?" என்று கத்துவார்கள். அவர் செவிடு என்று இவர்களிடம் யார் சொன்னது?

"சரி அண்ணி, கேப்டன் வந்து எதுக்கு ஃபவுல்னு கேட்டா என்ன பதில் சொல்வாரு?"

"முன்னாடி ஒவ்வொருத்தனுக்கும் பதில் சொல்லிச் சொல்லித்தானே எல்லா ஆட்டமும் இருட்டுற வரைக்கும் இழுத்துச்சு? மறந்து போச்சா?"

செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு நட்பு ஆட்டம், அதில் பார்க்கலாம். சரியாக நடத்திவிட்டால் பட்டியலில் மறுபடி பேர், இல்லையென்றால் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

"ஆனா ஒண்ணு. எல்லாத்தையும் அண்ணனே பார்த்துக்கணும். அவருக்காக நீங்க ஒரு வார்த்தை பேசினாலும் கதை முடிஞ்சுது. அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"நான் எதுக்குப் பேசப்போறேன்? வாயைத் தைச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

சொல்லிவிட்டாள். முடியுமா அவளால்? ஒரு வருஷமாக அவருடைய வாயே அவள்தான். கடையில் அவள், ஆஸ்பத்திரியில் அவள், ஃபோனில் அவள். அவர் "ப... ப..." என்று ஆரம்பித்தால் "பால்தானே?" என்று அவளே முடித்துவிடுவாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணும் சொல்லிச் சலித்துவிட்டாள்: "கொஞ்சம் பொறுங்கம்மா, அவரே சொல்லட்டும்." பொறுக்க நேரம் எங்கே இருக்கிறது? அடுப்பில் ஒன்று கொதிக்கும், வாசலில் ஆள் நிற்பான். தூங்கும்போதும் ஒரு காதை அவர் பக்கம் வைத்துத்தான் தூங்குகிறாள். உடம்பு அடித்துப் போட்டது போல் இருக்கிறது. ஆனால், தான் இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் ஓடாது என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கறுப்புச் சட்டையைப் போட்டதும் விசிலண்ணனின் நடையே மாறிவிட்டது. ஊதினார், கையைக் காட்டினார், ஓடினார். அந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்றால் இந்தப் பக்கம். செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு பார்த்தாள். இடைவேளை வரைக்கும் ஒரு சண்டை இல்லை.

இடைவேளைக்குப் பிறகுதான் வந்தது வினை. நெட்டை என்று ஒரு முன்கள ஆட்டக்காரன், யாரும் தொடாமலேயே கோல் வாசலில் சுருண்டு விழுந்து ஐயோ ஐயோ என்று உருண்டான். விசிலண்ணன் மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினார். நடிப்புக்கு.

நெட்டை துள்ளி எழுந்தான். "எதுக்குக் கார்டு? வாயைத் திறந்து சொல்லுங்க!"

விசிலண்ணன் திறந்தார். "நீ... நீ... நாற்காலி."

மைதானமே சிரித்தது.

"நாற்காலியாம்! ஊமையைக் கொண்டாந்து விட்டிருக்கானுங்க ரெஃப்ரின்னு!"

அவ்வளவுதான். தலைப்பு எங்கே போனது, செருப்பு எங்கே போனது, ஒன்றும் தெரியாது. அண்ணி மைதானத்துக்குள் நின்றாள். "டேய் நெட்டை! யாருடா ஊமை? நடிச்சு விழுந்தேன்னு சொல்றாரு! உன் மேல காத்துகூடப் படலைன்னு சொல்றாரு! புரியுதா?"

பேசி முடித்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். செயலாளர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். போச்சு, பாவி, நானே கெடுத்தேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

விசில் ஒன்று நீளமாக ஒலித்தது. விசிலண்ணன் நெட்டையிடம் வந்து சிவப்பு அட்டையை உயர்த்தினார்.

"அப்படிப் போடுங்க!" என்றாள் அண்ணி, தன்னை மறந்து.

அவர் அவள் பக்கம் திரும்பினார். அதே அட்டையை அவளுக்கும் உயர்த்தினார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் உதடு அசைந்தது. "வெ... வெ..."

அவளுக்கு அந்தச் சொல் தெரியும். நுனிநாக்கில் வந்து நிற்கிறது. இதோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிடலாம். அவர் கண்ணைப் பார்த்தாள். கெஞ்சல் இல்லை அதில். கல்யாணமான புதிதில் இவள் பயந்த அதே முறைப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டக்காரர்களும் நின்றார்கள், செயலாளரும் நின்றார். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்று நின்றாள்.

"வெளியே," என்றார் விசிலண்ணன். கையும் மைதானத்தின் வெளிவாசலைக் காட்டியது.

அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி நடந்தாள். பின்னால் முணுமுணுத்துக்கொண்டே நெட்டையும் வந்தான்.

கதவைத் திறந்துவிட்ட செயலாளர் மெல்லச் சொன்னார்: "நீங்க பேசினதையும் அண்ணனே பார்த்துக்கிட்டாரு. அடுத்த வாரம் லீக் ஆட்டம், அண்ணி. அண்ணன் மட்டும் வரட்டும். நீங்க வீட்ல நல்லாத் தூங்குங்க."

வெளியே வந்ததும் நெட்டை அவளை வழிமறித்தான். "அக்கா, ஆட்டம் பார்க்க வந்தவங்களுக்குக் கார்டு காட்ட விதியே கிடையாது. வாங்க, ரெண்டு பேருமா போய்ச் சண்டை போடலாம்."

"ரெஃப்ரியே வாயைத் திறந்து சொல்லிட்டாரு," என்றாள் அண்ணி. "பேசாம நடடா."