தெற்குச் சுவருக்குப் போன பீரங்கிக் குண்டு

எங்கள் ப்ரோதெக் ஊரில், புனித ஆக்னெஸ் கோவிலின் வடக்குச் சுவரில் ஒரு பீரங்கிக் குண்டு பதிந்திருந்தது. 1655-ல் படையெடுத்து வந்த ஸ்வீடன்காரர்கள் சுட்டது. பாதி சுவருக்குள், பாதி வெளியே. கூரை ஒழுகினாலும் ஸ்வீடன்காரனையே திட்டுகிற ஊர் என்பதால் அதன்மேல் எல்லோருக்கும் ஒரு பாசம்.

அதை நம்பிப் பிழைத்தவர் ஊர் வழிகாட்டி எவுஸ்தாகி கிரெலாக். வடக்குக் குன்றின்மேல் ஸ்வீடன்காரர்கள் பீரங்கி நிறுத்திய கதையை, கையை நீட்டி, இருபத்தாறு வருஷமாகச் சொல்லி வந்தார். மே மாதம் தொல்பொருள் அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. புதன்கிழமை ஓர் அதிகாரி வருவார். கிரெலாக் சொல்லும் சரித்திரமும் சுவரும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் அவர் சட்டையில் குத்தியிருக்கும் வழிகாட்டி வில்லை பறிக்கப்படும்.

வருகிறவர் பார்வைக்கு நன்றாயிருக்கட்டும் என்று பங்குச் சாமியார் சுவர்களைப் பூசச் சொன்னார். வித் என்ற கொத்தனார் குண்டைக் கழற்றினார், பூசினார், திரும்பப் பதித்தார். தெற்குச் சுவரில்.

திங்கள் காலை கிரெலாக் அதைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"யோவ், இது இந்தப் பக்கமாய்யா இருந்துச்சு?"

"அங்க எப்பவும் நிழலுண்ணே. ஒரு போட்டோகூட ஒழுங்கா விழாது. இங்க பாருங்க, என்னா வெளிச்சம்!"

"வெளிச்சம் பாத்தாய்யா ஸ்வீடன்காரன் சுட்டான்? எடுத்து அங்கயே வையி."

"புது சிமெண்டுண்ணே. இனி உலகம் முடியற பொதுத்தீர்வை அன்னிக்குத்தான் கழண்டு வரும்."

அன்று மாலையே மேயர் லுத்மிலா ஷெப்தாவின் அலுவலகத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடினோம்.

"குண்டு நகராதுன்னா குன்றை நகர்த்துங்க," என்றார் மேயர்.

"குன்றையாம்மா?" என்றார் கிரெலாக்.

"பலகையைய்யா. ஸ்வீடன்காரன் நின்ன எடம்னு எழுதியிருக்குல்ல, அதைப் பிடுங்கித் தெக்கால நடுங்க."

"தெக்கால ஏரில்ல இருக்கு! ஏரியில எப்படிம்மா பீரங்கி நிக்கும்?"

"குளிர்ல உறைஞ்சு கெடந்துச்சுன்னு சொல்லுங்க."

"நாம சண்டை நாளை ஜூலையிலதானே கொண்டாடுறோம்?"

சாமியார், "அந்த ஜூலை குளிர் கொஞ்சம் அதிகம்னு வச்சுக்குவோம்," என்றார்.

சரியென்று ஏழு பேர் கை தூக்கினோம். கிரெலாக் கடைசியாகத் தூக்கினார்.

புதன்கிழமை அதிகாரி ஹால்ஷ்கா வ்ரோனோவிச் அம்மாள் வந்தார். கிரெலாக் கதையைத் தொடங்கியதும் பழக்கத்தில் அவர் வலக்கை வடக்கே நீண்டது. இடக்கையால் அதைப் பிடித்துத் தெற்கே திருப்பிவிட்டு, ஜூலை மாதப் பனிக்கட்டிமேல் பீரங்கி வந்ததைச் சொல்லி முடித்தார். அம்மாள் கோப்பைத் திறந்து ஒரு பழைய படத்தை எடுத்தார்.

"1928-ல எடுத்தது. இதுல குண்டு மேற்குச் சுவர்ல இருக்கே?"

எல்லோரும் படத்தை எட்டிப் பார்த்தோம். வடக்கும் பொய்யா? கிரெலாக்கின் விரல்கள் வில்லையை மூடிக்கொண்டன.

"முற்றுகைங்கம்மா," என்றார் திடீரென்று. "சுத்திச் சுத்திச் சுட்டான்."

"ஒரே ஒரு குண்டுதானே இருக்கு?"

"அவ்வளவுதாம்மா கொண்டாந்திருந்தான். சுட வேண்டியது, பொறுக்கிக்கிட்டு அடுத்த பக்கம் போக வேண்டியது, மறுபடி சுட வேண்டியது."

"நம்ம ஆளுங்க அதுவரைக்கும் என்ன செஞ்சாங்க?"

"உள்ள பூசையில இருந்தாங்க."

அம்மாள் எல்லாவற்றையும் நிதானமாக எழுதிக்கொண்டார். பிறகு வாசித்துக் காட்டினார்: "முற்றுகை ஏற்கப்படுகிறது. கிழக்குச் சுவரில் தடயம் இல்லை. ஆறு மாதத்துக்குள் காட்டினால் வில்லை ஆயுள் முழுவதும் செல்லும்."

கார் திரும்பிப் போனதும் கிரெலாக் கொத்தனாரைக் கையோடு இழுத்துக்கொண்டு சாமியாரிடம் போனார்.

"கிழக்குச் சுவரா? அது பூசைப் பீடத்துக்குப் பின்னாடி இருக்கற சுவர். தொடவே கூடாது," என்றார் சாமியார்.

"குண்டு வேண்டாம் சாமி. பட்டுத் தெறிச்ச மாதிரி ஒரு பள்ளம் போதும்."

"பீடத்தைப் பாத்தாய்யா சுடுவான்?"

"அவன் நம்ம கத்தோலிக்க சபை இல்லையே சாமி. அவனுக்கு என்ன தெரியும்?"

சாமியார் போய்ச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"ஞாயிறு பூசை முடியட்டும்," என்றார். "ரொம்ப ஆழமா வேண்டாம். நாலு பக்கமும் சுத்தி அவன் கொஞ்சம் களைச்சுப் போயிருப்பான்."